உளவியல் ஆசிரியராக வரும் வழிகள்



பிளஸ் ஒன் உளவியல் வகுப்பில் நினைவாற்றல் பாடம் வரும்போது ஆசிரியர்கள் விரும்பிச் செய்கிற ஒரு சோதனை உண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பதினைந்து சொற்களை ஆசிரியர் சீரான இடைவெளியில் வாசிக்கிறார். வண்டி, உப்பு, கதவு, மழை, ஏணி என்று போகும் பட்டியல் அது. வாசித்து முடித்ததும், நினைவில் நின்றதை எந்த வரிசையிலும் எழுதலாம் என்கிறார். பிறகு கரும்பலகையில் 1 முதல் 15 வரை எண் போட்டு, ஒவ்வொரு சொல்லையும் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கை தூக்கச் சொல்லி எண்ணுகிறார். புள்ளிகளைச் சேர்த்து வரைந்தால், இரண்டு முனையும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த ஒரு கோடு கிடைக்கும். முதலில் கேட்டவையும் கடைசியில் கேட்டவையும் நிற்கின்றன. நடுவில் வந்தவை நழுவிவிடுகின்றன.

இதுவரை யாரும் நடத்திவிடலாம். அதற்குப் பிறகு ஒரு மாணவி எழுந்து கேட்கிறாள்: “முதல் சொல் நிற்பதற்கும் கடைசிச் சொல் நிற்பதற்கும் காரணம் ஒன்றுதானா மிஸ்?” நல்ல ஆசிரியர் உடனே விடை சொல்வதில்லை. வேறொரு பட்டியலை வாசிக்கிறார். இந்த முறை வாசித்து முடித்தவுடன் எழுதவிடாமல், நூறிலிருந்து மும்மூன்றாகக் குறைத்து அரை நிமிடம் எண்ணச் சொல்கிறார். அதன்பின் எழுதச் சொன்னால், கோட்டின் இடது முனை அப்படியே உயர்ந்து நிற்கிறது. வலது முனை சரிந்துவிடுகிறது. முதல் சொற்கள் மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு நீண்டகால நினைவுக்குப் போய்விட்டன. கடைசிச் சொற்கள் குறுகியகால நினைவில் தற்காலிகமாகத் தங்கியிருந்தன. எண்ணிக்கை அவற்றை அழித்துவிட்டது. 1960-களின் ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்ட ஒரு முடிவை ஒரு பள்ளி வகுப்பு முக்கால் மணி நேரத்தில் தானே கண்டுபிடித்துவிடுகிறது.

இந்த முக்கால் மணி நேரத்தை நடத்தும் தகுதி ஒருவருக்கு எந்த வழியில் வருகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். உளவியல் படித்த மாணவர்களில் பெரும்பாலானோர் “அடுத்து கவுன்சலிங், இல்லாவிட்டால் எச்.ஆர்.” என்றே யோசிக்கிறார்கள். பள்ளியில் உளவியல் சொல்லிக்கொடுப்பது ஒரு முழு வேலை என்பதும், அதற்கென்று விதிகள் இருக்கின்றன என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. தெரிய வரும்போது பட்டத்தின் பெயரிலோ பி.எட். சேர்க்கையிலோ ஏதாவது ஒரு சிக்கல் முளைத்திருக்கும்.

முதலில் பாடம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சி.பி.எஸ்.இ. மேல்நிலை வகுப்புகளில் உளவியல் ஒரு விருப்பப் பாடம். பாடக் குறியீடு 037. எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 30. ஐ.எஸ்.சி. பாடத்திட்டத்திலும், தேசியத் திறந்தநிலைப் பள்ளியிலும், ஐ.பி. மற்றும் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் நடத்தும் சர்வதேசப் பள்ளிகளிலும் உளவியல் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் நுழைவுத் தேர்விலும் உளவியலைப் பாடமாக எடுத்து எழுதலாம்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பயன்படுத்தும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் 2006, 2007 ஆண்டுகளில் வந்தவை, பிறகு திருத்தப்பட்டன. பதினோராம் வகுப்பில் ஆய்வு முறைகள், மனித வளர்ச்சி, புலனறிவு, கற்றல், நினைவு, சிந்தனை, ஊக்கம், உணர்ச்சி என்று அடிப்படைகள். பன்னிரண்டாம் வகுப்பில் நுண்ணறிவு, ஆளுமை, மன அழுத்தத்தை எதிர்கொள்ளல், உளக்கோளாறுகள், சிகிச்சை முறைகள், மனப்பான்மை, குழு நடத்தை. பிளஸ் ஒன் மாணவர் ஒரு புராஜெக்டும் இரண்டு சோதனைகளும் செய்ய வேண்டும். பிளஸ் டூ மாணவர் ஐந்து செய்முறைகளோடு, ஒரு மனிதரைப் பற்றிய முழு விவரக் குறிப்பும் தயாரிக்க வேண்டும். ‘கேஸ் புரொஃபைல்’ என்று பள்ளிகளில் சொல்வது அதைத்தான்.

செய்முறை என்ற இந்த ஒரு பகுதிதான் ஆசிரியரின் தகுதியைத் தீர்மானிக்கிறது. உளவியல் சோதனை ஒன்றை ஒருவரிடம் நடத்துவதற்கு முன் கையேட்டை வரி விடாமல் படிக்க வேண்டும். அறிவுறுத்தலை அதில் உள்ளபடியே சொல்ல வேண்டும். கிடைத்த மதிப்பெண்ணை எந்த வயதினருக்கான அளவுகோலோடு ஒப்பிடுவது என்று தெரிய வேண்டும். ‘உன் ஐ.கியூ. இவ்வளவு’ என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லிவிடக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். புத்தகம் வாசித்து இதெல்லாம் வருவதில்லை. முதுகலை வகுப்பின் ஆய்வகத்தில் கை பழகியவருக்கே வரும்.

விதி என்னவென்றால், மேல்நிலை வகுப்பு ஆசிரியருக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் வகுத்த குறைந்தபட்சத் தகுதி, குறைந்தது 50 சதவீத மதிப்பெண்ணுடன் முதுகலைப் பட்டமும் பி.எட்.டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் தளர்வு உண்டு. உளவியலுக்கும் இதே விதிதான். ‘டெட்’ எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2010-ல் கொண்டுவரப்பட்ட ஆசிரியர் தகுதித் தேர்வு ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கானது, பி.ஜி.டி. எனப்படும் மேல்நிலை ஆசிரியருக்கு நாடு முழுவதற்குமான கட்டாயமாக அது இல்லை. ஹரியாணா, பீகார் போன்ற மாநிலங்கள் மட்டும் மேல்நிலை ஆசிரியர்களுக்கும் தனியே ஒரு தகுதித் தேர்வு வைத்திருக்கின்றன. அவற்றில் உளவியலும் ஒரு பாடம்.

எழுதிப் பார்த்தால் ஒரே வரியில் முடிகிற விதி. நடைமுறையில் அதற்குள் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன.

முதல் முடிச்சு முதுகலைப் பட்டத்தின் பெயர். இன்று கல்லூரிகளில் எம்.எஸ்சி. உளவியல் என்று மட்டும் இல்லை. பயன்பாட்டு உளவியல், ஆலோசனை உளவியல், மருத்துவ உளவியல், நிறுவன உளவியல் என்று பலவிதமான பட்டங்கள் வந்துவிட்டன. வேலைச் சந்தையை நினைத்து வைக்கப்பட்ட பெயர்கள் அவை. பள்ளிகளின் ஆள்தேர்வு அறிவிப்பிலோ பெரும்பாலும் ‘உளவியலில் முதுகலைப் பட்டம்’ என்றுதான் இருக்கும். சான்றிதழைச் சரிபார்க்கும் எழுத்தர் பெயரைப் பெயரோடு ஒப்பிடுவார். பாடத்திட்டத்தைப் பிரித்துப் பார்க்க மாட்டார். பெயர் மாறியிருந்தால் ‘இணைத் தகுதிச் சான்று கொண்டு வாருங்கள்’ என்பார். அந்தச் சான்றுக்காகப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு அலைந்த பட்டதாரிகள் தமிழ்நாட்டில் எல்லாப் பாடத்திலும் இருக்கிறார்கள். ஆசிரியராவதே குறிக்கோள் என்றால், பொது உளவியலில் முதுகலைப் பட்டம் பெறுவதே பத்திரமான வழி.

இதோடு சேர்ந்தது ‘கிராஸ் மேஜர்’ சிக்கல். இளங்கலையில் ஆங்கில இலக்கியம், முதுகலையில் உளவியல் என்று மாறி வருகிறவர்கள் ஏராளம். பல பல்கலைக்கழகங்கள் எந்தப் பட்டம் பெற்றவரையும் முதுகலை உளவியலில் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் தமிழ்நாடு ஆசிரியர் தேர்வு வாரியம் முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறது. தனியார் பள்ளி நிர்வாகங்களும் இந்த வழக்கத்தைப் பார்த்துப் பழகியவை. இளங்கலையிலேயே உளவியல் எடுத்தவருக்கு எந்த ஊரிலும் கதவு திறக்கும்; மாறி வந்தவர், விண்ணப்பிக்கும் இடத்தின் விதியை ஒவ்வொரு முறையும் படித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்து ஒரு புதிய மாற்றம். இதைச் சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. கடந்த பல ஆண்டுகளாக, வேறு பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர்களும், குழந்தைகள் வளர்ந்தபின் மறுபடி படிக்க வந்த தாய்மார்களும் உளவியல் முதுகலைப் பட்டம் பெற்றது பெரும்பாலும் தொலைநிலைக் கல்வியில்தான். இக்னோவின் எம்.ஏ. உளவியல் அதில் மிகவும் பெயர்பெற்றது. அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. 2021-ல் நிறைவேறிய தேசிய இணைநிலை மற்றும் உடல்நலத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் வரம்புக்குள் உளவியலும் வருகிறது. அதைக் காரணமாகக் காட்டி, 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் உளவியல் உள்ளிட்ட உடல்நலம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்தது.

சிகிச்சை அளிக்கப் போகிறவருக்கு நேரடிப் பயிற்சி வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. சோதனைக் கருவியைத் தொடாமலே உளவியலில் முதுகலைப் பட்டம் வாங்கிவிட முடியும் என்ற நிலை நல்லதல்ல. ஆனால் இந்த முடிவால் அதிகம் இழப்பவர்கள் சிறு நகரங்களில் இருப்பவர்கள். முதுகலை உளவியல் நேரடி வகுப்பாக நடக்கும் கல்லூரிகள் சென்னை, கோவை போன்ற இடங்களிலேயே குவிந்திருக்கின்றன. அறந்தாங்கியிலோ உசிலம்பட்டியிலோ வேலை பார்க்கும் ஓர் ஆசிரியை, வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் போய்ப் படிக்க முடியுமா? வார இறுதியிலும் கோடை விடுமுறையிலும் ஆய்வகப் பயிற்சி தரும் ஒரு நேரடி முறையைப் பல்கலைக்கழகங்கள் வகுத்தால் இரண்டு பக்கமும் காப்பாற்றப்படும். அப்படி ஒரு ஏற்பாட்டைக் கேட்டுப் பெறுவது ஆசிரியர் சங்கங்களின் வேலை. புதிதாகச் சேர நினைப்பவர்கள், ‘ஆன்லைனில் உளவியல் பட்டம்’ என்று வரும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் யு.ஜி.சி.யின் அங்கீகாரப் பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது முடிச்சு பி.எட். 2014-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது. அதில் இருபது வாரம் பள்ளிப் பயிற்சி. இரண்டாம் ஆண்டில் மட்டும் பதினாறு வாரம். தமிழ்நாட்டு பி.எட். சேர்க்கையில் பொருளியல், வணிகவியல், சமூகவியல், உளவியல் போன்ற பாடக்காரர்களிடம் முதுகலைப் பட்டம் கேட்கப்படுகிறது. கணக்கோ தமிழோ படித்தவர் இளங்கலை முடித்தவுடன் பி.எட்.டில் நுழைவதுபோல, பி.எஸ்சி. உளவியல் முடித்த கையோடு நுழைய முடியாது. ஆக, தமிழ்நாட்டு மாணவருக்கு வரிசை இதுதான்: இளங்கலை மூன்று ஆண்டு, முதுகலை இரண்டு, பி.எட். இரண்டு. பிளஸ் டூவுக்குப் பின் மொத்தம் ஏழு ஆண்டு.

அந்தப் பி.எட்.டுக்குள்ளும் ஒரு குறை இருக்கிறது. எல்லா பி.எட். மாணவர்களும் குழந்தை வளர்ச்சி, கற்றல் பற்றிய உளவியலைப் படிக்கிறார்கள். உளவியலையே ஒரு பள்ளிப் பாடமாக எப்படிக் கற்பிப்பது என்பது வேறு படிப்பு. செய்முறை வகுப்பை நடத்துவது, புராஜெக்டுக்குத் தலைப்புத் தேர்ந்தெடுப்பது, வினாத்தாள் அமைப்பது எல்லாம் அதில் வர வேண்டும். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் உளவியல் வகுப்பே கிடையாது என்பதால், அங்கே பயிற்சிக்குப் போகும் உளவியல் பட்டதாரி சமூக அறிவியலோ ஆங்கிலமோதான் நடத்திவிட்டு வருவார். கல்லூரியில் சேருவதற்கு முன்பே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். உளவியல் பட்டதாரிகளுக்கு எந்தக் கற்பித்தல் பாடம் ஒதுக்குகிறீர்கள்? பயிற்சிக்கு உளவியல் உள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு அனுப்புவீர்களா? இரண்டாவது கேள்விக்கு ‘அனுப்புவோம்’ என்று சொல்லும் கல்லூரிக்குக் கொஞ்சம் கூடுதல் தூரம் பயணம் செய்தாலும் தகும்.

ஏழு ஆண்டு நீளம் குறைய வாய்ப்பு இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட்.டை 2030-க்குள் ஆசிரியர் பணிக்கான குறைந்தபட்சப் பட்டமாக்க வேண்டும் என்கிறது. முதுகலையோ நான்காண்டு இளங்கலையோ முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். என்றும் சொல்கிறது. ஓராண்டு பி.எட்.டுக்கான வரைவு விதிகளை ஆசிரியர் கல்விக் குழுமம் 2025 தொடக்கத்தில் வெளியிட்டது. வரைவை நம்பி ஒருவர் தன் திட்டத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முதுகலையை முடிக்கும் நேரத்தில் எந்த விதி நடப்பில் இருக்கிறதோ அதில் சேர்ந்துகொள்ளலாம்.

தென்னாட்டுக்கு உளவியல் புதிதல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தியாவின் முதல் உளவியல் துறை 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஹார்வர்டில் படித்துத் திரும்பிய என்.என். சென்குப்தா அதன் பொறுப்பில் இருந்தார். எட்டாண்டு கழித்து மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் எம்.வி. கோபாலசுவாமி துறையை அமைத்தார். லண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மனிடம் பயின்றவர் அவர். 1935-ல் மைசூரில் தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தை நடத்தி அதற்கு ‘ஆகாசவாணி’ என்று பெயர் வைத்தவரும் இவரே. நாடு முழுவதும் பின்னாளில் பரவிய பெயர் ஓர் உளவியல் பேராசிரியரின் வீட்டிலிருந்து கிளம்பியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-ல் ஜி.டி. போவாஸ் தலைமையில் துறை வந்தது. மாநிலக் கல்லூரியிலும் கோவை அரசுக் கலைக் கல்லூரியிலும் அண்ணாமலை, பாரதியார் பல்கலைக்கழகங்களிலும் தலைமுறைகளாக உளவியல் பட்டதாரிகள் வெளிவந்துகொண்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் எண்பது ஆண்டுக்கு மேல் வேரூன்றிய ஒரு பாடம் தமிழ்நாட்டின் மாநிலப் பள்ளிக்கு மட்டும் வந்து சேரவில்லை.

வேலை எங்கே கிடைக்கும்? தமிழ்நாட்டில் இப்போதைக்குத் தனியார் சி.பி.எஸ்.இ., ஐ.எஸ்.சி., சர்வதேசப் பள்ளிகளில்தான். கேந்திரிய வித்யாலயா 2022-ல் வெளியிட்ட பெரிய ஆள்தேர்வு அறிவிப்பின் பி.ஜி.டி. பாடங்களில் உளவியல் இல்லை. ஒப்பந்த அடிப்படையில் கவுன்சலர்களை மட்டும் அந்தப் பள்ளிகள் எடுக்கின்றன. தமிழ்நாடு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் 2025 முதுகலை ஆசிரியர் அறிவிப்பிலும் உளவியல் கிடையாது.

பக்கத்தில் கேரளம் வேறு பாதையில் போயிருக்கிறது. அங்கே அரசு மேல்நிலைப் பள்ளிகளிலேயே கலைப்பிரிவில் உளவியல் உண்டு, மாநிலப் பாடநூல் உண்டு, எச்.எஸ்.எஸ்.டி. என்னும் மேல்நிலை ஆசிரியர் பதவி உளவியலுக்கும் இருக்கிறது. அந்தப் பதவிக்கு முதுகலைப் பட்டத்தோடு ‘செட்’ என்னும் மாநிலத் தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும். முதல் தாளில் பொது அறிவும் கற்பித்தல் திறனும், இரண்டாம் தாளில் பாடம். இதில் கவனிக்க வேண்டியது, செட் விதிகளில் பி.எட். கட்டாயத்திலிருந்து விலக்கு பெற்ற பாடங்களின் பட்டியல் ஒன்று உண்டு. சமூகவியல், புள்ளியியல், தத்துவம், இதழியல் ஆகியவற்றோடு உளவியலும் அதில் இருந்து வந்திருக்கிறது. அந்தப் பாடங்களுக்கு பி.எட். இடம் போதாது என்ற உண்மையை ஒப்புக்கொண்டு, பாடம் தெரிந்தவரை வகுப்புக்குள் வரவிட்ட ஏற்பாடு அது. பயிற்சி இல்லாத ஆசிரியர் என்ற குறை அதில் இருந்தாலும், ஆசிரியரே இல்லை என்று பாடத்தை மூடிவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். பணியில் சேர்ந்தபின் பயிற்சி கொடுத்துக்கொள்ள முடியும்.

இங்கிலாந்தின் அனுபவமும் இதே பக்கம் சாய்கிறது. அங்கே ஏ-லெவலில் கணிதத்துக்கு அடுத்தபடியாக மாணவர்கள் அதிகம் எடுக்கும் பாடம் உளவியல். 1970-களின் தொடக்கத்தில் சில நூறு பேரோடு ஆரம்பித்தது. உளவியல் ஆசிரியர்களுக்கென்றே 1970 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. பட்டம் முடித்து ஓராண்டுப் பயிற்சி, பிறகு பள்ளியில் ஈராண்டு மேற்பார்வைக் காலம் என்பது அங்குள்ள வழக்கமான வழி. அங்கும் உளவியலுக்கான பயிற்சி இடங்கள் குறைவு என்பதால், இரண்டாவதாக ஒரு பாடம் நடத்தத் தெரிந்தவருக்கே வேலை எளிதில் கிடைக்கிறது. அந்த ஆலோசனை நம் ஊருக்கும் பொருந்தும். ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டுக்கும் சேர்த்து உளவியலுக்கு ஒரே ஒரு ஆசிரியர்தான் இருப்பார். அவர் கீழ் வகுப்புகளுக்கு ஆங்கிலமோ சமூக அறிவியலோ நடத்தத் தயாராக இருந்தால் நிர்வாகம் முழுநேரப் பணி கொடுக்கத் தயங்காது.

அந்த மீதி நேரத்துக்குப் பள்ளிகள் கொடுக்கிற இன்னொரு வேலை கவுன்சலிங். இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும்.

சி.பி.எஸ்.இ.யின் 2018 இணைப்பு விதிகள், ஒவ்வொரு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியிலும் கவுன்சலரும் நலவாழ்வு ஆசிரியருமாக ஒருவரை முழுநேரமாக நியமிக்க வலியுறுத்தின. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை முந்நூறு பேருக்குக் குறைவாக இருந்தால் பகுதிநேரம் போதும் என்றன. உளவியலில் பட்டம் பெற்றவர் அதற்குத் தகுதியுள்ளவர். ஆகவே உளவியல் ஆசிரியரையே கவுன்சலராகவும் உட்கார வைத்துவிடுவது நிர்வாகத்துக்குச் செலவில்லாத வழி. ஆனால் இரண்டும் வேறு வேறு பயிற்சி கேட்கும் வேலைகள். என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் வழிகாட்டல் மற்றும் ஆலோசனைப் பட்டயப் படிப்பு ஓராண்டு நீளமானது: ஆறு மாதம் வீட்டிலிருந்து படிப்பு, மூன்று மாதம் நேரடி வகுப்பு, மூன்று மாதம் களப்பயிற்சி. மைசூரில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனம் தென் மாநிலங்களுக்கு அதை நடத்துகிறது. இரண்டு வேலையும் தன் தலையில் விழும் என்று தெரிந்த ஆசிரியர் இந்தப் பட்டயத்தைப் பெறுவது மாணவர்களுக்குச் செய்யும் நன்மை. மருத்துவ உளவியலாளர் என்பது இதிலும் தனி. அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வேண்டும். பிளஸ் டூ உளவியல் நடத்தும் ஆசிரியர் மாணவருக்கு நோயின் பெயர் சூட்ட உரிமை பெற்றவர் அல்ல.

இந்த எல்லை வகுப்பறையில் எப்படித் தெரியும்? பன்னிரண்டாம் வகுப்பில் உளக்கோளாறுகள் பாடம். மனச்சோர்வின் அறிகுறிகளை ஆசிரியர் பலகையில் எழுதுகிறார். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை, தன்னைப் பற்றிய குற்ற உணர்வு. மூன்றாம் வரிசையில் ஒரு மாணவன் பேனாவை மூடி வைத்துவிட்டான். மணி அடித்ததும் எல்லோரும் வெளியே போக, அவன் பையைக் கட்டுவதுபோல நின்றுகொண்டிருக்கிறான். “சார், இதெல்லாம் எங்க அம்மாவுக்கு இருக்கு.” அந்த நேரத்தில் ஆசிரியர் சொல்லும் சொல் முக்கியம். ‘அப்படியானால் அது டிப்ரஷன்தான்’ என்று முடிவு சொல்வது தவறு. ‘பாடத்தை வீட்டோடு சேர்க்காதே’ என்று தட்டிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. உட்காரச் சொல்லி, கேட்டு, அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போக வீட்டில் யார் உதவுவார்கள் என்று விசாரித்து, கவுன்சலரோடு சேர்த்து வைக்க வேண்டும். ஆசிரியர்கள் அந்தப் பாடத்தைத் தொடங்கும் நாளிலேயே பலகையின் ஓரத்தில் 14416 என்று எழுதி வைத்துவிடலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மனஸ் உதவி எண் அது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

கேஸ் புரொஃபைலிலும் இதே பொறுப்பு. மாணவர்கள் சுலபமாகக் கிடைக்கிற ஆளாக வகுப்புத் தோழனையே பிடித்துக்கொள்வார்கள். பெயரை மாற்றி எழுத வேண்டும், சம்மதம் கேட்க வேண்டும், வீட்டுச் சண்டையைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தால், ஆய்வு நெறி என்பது அவர்களுக்கு வாழ்நாள் பழக்கமாகிவிடும். பாடநூலைத் தாண்டிப் படிப்பதும் இந்த வேலையில் தவிர்க்க முடியாதது. நோய்களின் உலக வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டனையிலிருந்து விலக்கி, அவருக்குப் பராமரிப்பு தர வேண்டிய கடமையை அரசிடம் ஒப்படைத்தது. பிளஸ் டூ மாணவர் இதைக் கேட்பார். ஆசிரியருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்பீர்கள். தனியார் பள்ளிகளில் அது பள்ளிக்குப் பள்ளி மாறும். பெருநகரச் சர்வதேசப் பள்ளிக்கும் சிறு நகரத்துப் பள்ளிக்கும் பெரிய இடைவெளி இருக்கும். அரசுப் பணியிடம் இல்லாத வரையில் இந்த நிலை மாறாது. அதனால்தான் கடைசியாகத் தமிழ்நாட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் ஆசிரியராக வரும் ஒவ்வொருவரிடமும் அரசு உளவியல் கேட்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டு தாள்களிலும் 150-க்கு 30 மதிப்பெண் குழந்தை வளர்ச்சிக்கும் கற்பித்தலுக்கும். முதுகலை ஆசிரியர் தேர்வில் கல்வியியலுக்கு 30 மதிப்பெண். அதிலும் உளவியல் உண்டு. ஆசிரியருக்கு இவ்வளவு அவசியம் என்று அரசே ஒப்புக்கொண்ட அறிவு, மாணவருக்கு ஒரு விருப்பப் பாடமாகக்கூடக் கிடைப்பதில்லை. 2018-ல் தொடங்கிய புதிய மேல்நிலைப் பாடத்திட்டத்தில் நுண்ணுயிரியல் இருக்கிறது, உயிர்வேதியியல் இருக்கிறது, மனையியலும் அறவியலும் இருக்கின்றன, உளவியல் இல்லை. சென்னையில் கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்குப் பதினாறு வயதில் கிடைக்கிற பாடம், அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கல்லூரிக்குப் போனால்தான் கிடைக்கிறது. அந்தப் பிள்ளை முதலாமாண்டு பி.எஸ்சி.யில் அந்தச் சொற்களையே முதல்முறையாகக் கேட்கும்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு வேண்டியதில்லை. செய்முறைக்கான கருவிகள் ஓர் அலமாரிக்குள் அடங்கும். வேதியியல் ஆய்வகம்போல வாயுக் குழாயும் தண்ணீர்த் தொட்டியும் தேவையில்லை. பட்டதாரிகள் ஏற்கெனவே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, கலைப்பிரிவில் உளவியலைத் தமிழ்வழியில் தொடங்க வேண்டும். அதற்கு 38 முதுகலை ஆசிரியர் பணியிடங்களை உருவாக்கி, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அடுத்த அறிவிப்பிலேயே சேர்க்க வேண்டும். கல்வியியல் கல்லூரிகள் உளவியல் பட்டதாரிகளை அந்தப் பள்ளிகளுக்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். பள்ளிக் கல்வித் துறையிடம் இந்தக் கோரிக்கையை எழுத்தாகக் கொடுக்க, இங்கே வந்திருக்கும் பேராசிரியர்களும் மாணவர்களும் கையெழுத்திட்டு உதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.